கொரோனா காலத்தில் உங்கள் லயத்துக்கு யார் வந்தார்கள்?

கொழுந்துக்கூடை | ஞாயிறு காலை

இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களில் இருக்கும் எல்லாருக்கும் வணக்கம். 2025 மே 6 உள்ளூராட்சித் தேர்தலோடு எங்கள் பிரதேச சபைக்கு மறுபடி உறுப்பினர்கள் வந்திருக்கிறார்கள். 2023 மார்ச்சில் பழைய சபையின் காலம் முடிந்த பிறகு, இரண்டு வருடத்துக்கு மேல் ஒரு முறைப்பாட்டைக் கொண்டுபோய்க் கொடுக்க நாம் தெரிவுசெய்த ஆள் என்று ஒருவரும் இருக்கவில்லை. போன வாரம் வட்டார உறுப்பினர் கோயில் வாசலுக்கு வந்து, "தோட்டத்துக்கு என்ன வேணும், எழுதித் தாங்க" என்று கேட்டார். ரோட்டு என்றார்கள், தெருவிளக்கு என்றார்கள், குப்பை ட்ரெக்டர் என்றார்கள். கூட்டம் கலையும்போது எங்கள் அம்மா மட்டும், "அந்த மாதிரி நோய் இன்னொரு தரம் வந்தா யாரு வருவா, அதையும் கேட்டு எழுது" என்றார்.

வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன். என்ன கேட்பது என்றே தெரியவில்லை. 2020 மார்ச் 20ஆம் திகதி மாலை 6 மணிக்கு ஊரடங்கு போட்டார்கள். சில நாளிலேயே தோட்ட வேலைக்கு அனுமதி கொடுத்துவிட்டார்கள். மலைக்குப் போகலாம், டவுனுக்குப் போகக் கூடாது. காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் ஆளுக்கு ஆள் ஒரு மீற்றர் தள்ளி நிற்கச் சொன்னார்கள். பெரட்டு முடிந்து திரும்பினால், லயத்து வரிசை வீட்டில், பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில், அந்த ஒற்றை அறையில், நாங்கள் ஏழு பேர். அந்த நாட்களில் சபை எங்கே இருந்தது, பிரதேச செயலகம் எங்கே இருந்தது, தோட்டம் என்ன செய்தது என்று யோசித்தால் ஒன்றோடொன்று கலந்துதான் ஞாபகம் வருகிறது.

ஆகவே கேட்கிறேன். உங்கள் லயத்துக்கு யார் வந்தார்கள், எதைக் கொண்டுவந்தார்கள், யார் வராமல் போனார்கள்? தோட்டத்தின் பெயர், சபையின் பெயர், அதிகாரிகளின் பெயர் வேண்டாம். நடந்த விதம் மட்டும் போதும்.


பீலிக்கரை | ஞாயிறு காலை

அண்ணா, எனக்கு முதலில் ஞாபகம் வருவது தண்ணீர்.

ரேடியோவைத் திருப்பினால் கை கழுவு, கை கழுவு. எங்கள் பணிய (கீழ்) லயத்தில் 12 வீட்டுக்கு ஒரே தண்ணீர்ப் பீலி. மாசி, பங்குனியில் அது நூல் மாதிரிதான் ஒழுகும். ஒரு குடம் நிரம்ப நிற்கும் நேரத்தில் ஆறு பேர் வரிசையில் சேர்ந்துவிடுவோம். இடைவெளி விட்டு நின்றால் வரிசை கக்கூஸ் வரைக்கும் போகும்.

அப்பாவும் இன்னும் இரண்டு பேரும் பொலிஸ் பாஸ் எடுத்துக்கொண்டு சபைக்குப் போய் தண்ணீர் பவுசர் கேட்டார்கள். "அது தோட்டத்துக்காணி, துரைக்கிட்ட கேளுங்க" என்றார்கள். தோட்ட மனேஜரான துரையிடம் கேட்டால், "நோய் விஷயம் அரசாங்கத்து வேலை, சபைக்கு எழுதுங்க" என்றார். இரண்டு கடிதமும் இன்னும் எங்கள் டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன.

கடைசியில் தண்ணீர் கொண்டுவந்தது மாரியம்மன் திருவிழாப் பணம். அந்த வருடம் தேர் இல்லை, கரகம் இல்லை. சம்பளத்தில் மாதாமாதம் பிடித்து வைத்திருந்த கோயில் காசில் ஹோஸ் பைப் வாங்கி, மேலே பைனஸ் காட்டுக்குள் இருக்கும் ஊற்றிலிருந்து பொடியன்மார் இழுத்தார்கள். வாங்கின அன்று பெரிய பூசாரி, "ஆத்தா தண்ணிதானே கேட்டிருப்பா" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தப் பைப் இன்றைக்கும் ஓடுகிறது.


முன்னாள் உறுப்பினர் | ஞாயிறு பகல்

நான் 2018 தேர்தலில் தெரிவாகி 2023 வரை ஒரு சபையில் இருந்தேன். தங்கச்சி பீலிக்கரை எழுதியதைப் படித்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை.

பவுசர் ஏன் வரவில்லை என்பதைச் சொல்கிறேன். சாட்டுச் சொல்வதற்கில்லை, தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபையின் பணத்தைத் தோட்டக் குடியிருப்புகளுக்குள் செலவழிக்கத் தடையாக இருந்தது. தோட்டத்து மக்களுடைய வாக்கில் வந்த உறுப்பினர்கூட அதே தோட்டத்துக்குள் ஒரு கானைக் கட்டித்தர முடியாது. 2018இல் சட்டத்தைத் திருத்தினார்கள். அதே வருடத் தேர்தலில்தான் அகரப்பத்தனை, கொட்டகலை, மஸ்கெலியா, நோர்வூட் என்ற புதிய சபைகளுக்கும் முதல் தடவையாக உறுப்பினர்கள் தெரிவானார்கள். கதவு திறந்தது உண்மை. ஆனால் முப்பது வருடம் மூடிக் கிடந்த கதவு. நோய் வந்தபோது திருத்தத்துக்கு இரண்டு வயதுகூட ஆகவில்லை. எங்கள் சபையில் எழுதுவினைஞர்கள் கோப்பைத் தொடவே பயந்தார்கள். கணக்காய்வில் கேள்வி வந்தால் யார் கையெழுத்துக்குப் பதில் சொல்வது என்று கேட்டார்கள். தோட்ட நிர்வாகத்தின் சம்மதக் கடிதம் வரட்டும் என்று காத்திருந்தோம். அதற்குள் மழைக்காலம் வந்துவிட்டது.

இன்னொன்றும் இருக்கிறது. எங்களிடம் இருந்தது ஒரு பவுசர், இரண்டு ட்ரெக்டர். டவுனுக்குக் குளோரின் அடித்தோம், சந்தையை மைதானத்துக்கு மாற்றினோம், குப்பை எடுத்தோம். சபை ஊழியர்கள் கையுறைகூட ஒழுங்காக இல்லாமல் அந்த வேலையைச் செய்தார்கள். அவர்களில் பாதிப் பேர் லயத்துப் பிள்ளைகள்தான். இதையும் பதிவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நிவாரணக் காசு சபையின் கையில் இல்லை. அது பிரதேச செயலகம், கிராம உத்தியோகத்தர், சமுர்த்தி என்ற வறுமை நிவாரணத் திட்டம் வழியாகப் போனது. நோயாளி, தனிமைப்படுத்தல் எல்லாம் சுகாதார வைத்திய அதிகாரியும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரான பீ.எச்.ஐ.யும். லயமும் தண்ணீரும் தோட்டம். ஒரு வீட்டுக்கு உதவி போகவேண்டுமென்றால் நான்கு மேசைகள். அம்பகமுவ பிரதேசத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2012 குடிசன மதிப்பீட்டில் 2 லட்சத்துக்கு மேல் மக்கள், அந்த நாட்களில் பிரதேச செயலகம் கினிகத்தேனையில். மஸ்கெலியாவுக்கு மேலே இருக்கும் ஒரு தோட்டத்து மனிதர் ஒரு கையெழுத்துக்காகப் பஸ் மாறி மாறிப் போய்வந்தால் அன்றைய பேர், அதாவது அன்றைய நாள் சம்பளம், போய்விடும்.


கொழுந்துக்கூடை | ஞாயிறு பின்னேரம்

நன்றி ஐயா. நான்கு மேசை என்று சொன்னீர்களே, அதுதான் எனக்கும் குழப்பமாக இருந்தது. அரசாங்கம் கொடுத்த அந்த 5000 ரூபாய் நிவாரணத்துக்கு எங்கள் தோட்டத்தில் யாருடைய பட்டியலை வைத்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. 2020 ஏப்ரலிலும் மே மாதத்திலும் கொடுத்தார்கள். எங்கள் பக்கத்துக் காம்பராவுக்குக் கிடைத்தது, எதிர்க் காம்பராவுக்குக் கிடைக்கவில்லை. இரண்டு வீட்டிலும் ஒரே பசி.


ஆபிஸ் கிளாக் | ஞாயிறு இரவு

வேறு ஒரு தோட்டம். ஆனால் பட்டியல் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியும். எங்கள் இடத்தில் அந்தப் பட்டியலை டைப் பண்ணியவன் நான்.

கிராம உத்தியோகத்தருக்கு எங்களோடு சேர்த்து ஐந்து டிவிசன், அதாவது தோட்டப் பிரிவு. அவரிடம் இருந்த குடும்ப விபரம் பழையது. அவசரம் என்றார், தோட்டத்தில் இருக்கும் பெயர்களைத் தாருங்கள் என்றார். நான் கொடுத்தது செக்ரோல், தோட்டத்து வேலைப் பதிவேடு. செக்ரோலில் இருப்பது வேலைக்குப் பேர் போடுகிறவர்கள் மட்டும். 60 வயதில் பேர் நின்றுபோன பாட்டி அதில் இல்லை. வெளியில் கைக்காசுக்கு வேலை செய்கிறவர் இல்லை. புருஷன் இறந்து மூன்று பிள்ளைகளோடு தாய்வீட்டுக்கு வந்து சேர்ந்த பெண் இல்லை. ஒரு காம்பராவில் இரண்டு குடும்பம் இருந்தால் ஒரு குடும்பத்தின் பெயர்தான் இருக்கும். செக்ரோலுக்கு உள்ளே இருந்தவர்களுக்கோ வேறு இடத்தில் தடை. "இவங்களுக்கு வேலை இருக்கு, சம்பளம் இருக்கு" என்று அங்கே ஒரு கோடு போட்டுவிட்டார்கள். அந்த மாதம் பலருக்குக் கிடைத்தது 14, 15 நாள் வேலைதான்.

டைப் பண்ணும்போது எனக்கு விளங்கவில்லை என்று சொல்ல மாட்டேன். விளங்கியது. கொடுத்த நேரத்துக்குள் அனுப்பவேண்டும் என்ற எண்ணம்தான் முன்னுக்கு நின்றது. அதற்காக நான் இன்றைக்கும் வருத்தப்படுகிறேன்.

மருந்து விஷயம் இன்னும் மோசம். 2020 ஏப்ரலில் கிளினிக் நோயாளிகளின் மருந்தைத் தபால் திணைக்களம் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தது. நல்ல ஏற்பாடு. தபால்காரர் ஊரடங்கிலும் மலையேறி வந்தார், அவரை நான் கையெடுத்துக் கும்பிடுவேன். ஆனால் லயத்துக்கு எங்கே விலாசம்? பெயர், டிவிசன், தோட்டம், அவ்வளவுதான். கடிதம் எல்லாம் ஆபிஸுக்கு வந்து, ஆபிஸிலிருந்துதான் ஆளுக்குப் போகும். ஒரு நாள் என் மேசையில் 31 மருந்துப் பொதி கிடந்தது. மேல் டிவிசனில் மூன்று ராமாயி, அதில் இரண்டு பேருக்குப் பிரஷர், ஒருவருக்குச் சீனி வியாதி. தகப்பன் பெயரும் இரண்டு பேருக்கு ஒன்று. நானும் ஆபிஸ் பொடியனும் பொதியைத் தூக்கிக்கொண்டு லயம் லயமாகப் போய், பழைய கிளினிக் கொப்பியை வாங்கி, குளிசையின் நிறத்தைக் காட்டி, "இதுதானே நீங்க போடுறது" என்று கேட்டுக் கேட்டுக் கொடுத்தோம். ஒரு பொதி ஆள் மாறிப் போய்விட்டது. இரண்டாம் நாள் கண்டுபிடித்தோம். கடவுள் காப்பாற்றினார்.


பீலிக்கரை | ஞாயிறு இரவு

கிளாக் ஐயா, நீங்கள் சொன்ன அந்த மூன்று பிள்ளைகளோடு தாய்வீட்டுக்கு வந்த பெண் எங்கள் லயத்திலும் இருந்தார். என் பெரியம்மா மகள். அந்த இரண்டு மாதமும் அக்கா பிள்ளைகளுக்கு ரொட்டியைக் கொடுத்துவிட்டுத் தேயிலைச் சாயத்தைக் குடித்துக்கொண்டு மலைக்குப் போனார். ஒருவரும் வேண்டுமென்று செய்யவில்லை என்றே வைத்துக்கொள்வோம். பட்டியலில் இல்லாவிட்டால் ஆளே இல்லை என்று ஆகிவிட்டது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நீங்கள் உண்மையை எழுதியதற்கு நன்றி.


பழைய மிஸ் | திங்கள் காலை

குடும்ப நல மாதுவாக (மருத்துவிச்சியாக) 34 வருடம் தோட்டங்களில் வேலை செய்து ஓய்வு பெற்றவள். ஓய்வுக்கு முந்திய கடைசி வருடங்கள்தான் கொரோனா. நான் பிள்ளை பிறக்கப் பார்த்த பெண்கள், அவர்கள் பெற்ற பெண்கள் என்று இரண்டு தலைமுறையின் வீட்டுக் கதவு எனக்குத் தெரியும்.

அம்மை வந்த வீட்டில் நம் பெரியவர்கள் என்ன செய்வார்கள் என்று இங்கே இருக்கிற எல்லாருக்கும் தெரியும். இஸ்தோப்பில், வாசல் திண்ணையில், வேப்பிலை செருகுவார்கள். வேப்பமரம் இந்தக் குளிரில் வளராது, கீழ் நாட்டிலிருந்து வருகிறவர்களிடம் சொல்லி எடுப்பித்து வைத்திருப்பார்கள். வேப்பிலையைக் கண்டால் வெளியாள் உள்ளே போக மாட்டார். தலைக்குத் தண்ணீர் விடும் நாள் வரைக்கும் பக்கத்து வீட்டார் கூழும் இளநீரும் வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள். அந்த வீட்டுக்கு ஆத்தா வந்திருக்கிறாள் என்றுதான் சொல்வார்கள். தனிமைப்படுத்தல் என்ற சொல் வருவதற்கு முன்னமே நமக்கு அது தெரிந்திருந்தது. அதில் மரியாதை இருந்தது.

கொரோனாவில் நாங்கள் கதவில் ஒட்டியது ஒரு நோட்டீஸ். "தனிமைப்படுத்தப்பட்ட வீடு, உள்ளே செல்ல வேண்டாம்." பொலிஸாரும் பீ.எச்.ஐ.யும் நானுமாகப் போய் ஒட்டினோம். லயத்தில் ஒரு கதவில் ஒட்டினால் என்ன பொருள்? சுவர் ஒன்று, கூரை ஒன்று, மேலே தகரத்துக்குக் கீழே ஒரு வீட்டுப் பேச்சு அடுத்த வீட்டில் கேட்கும், பீலி ஒன்று, கக்கூஸ் ஒன்று. 14 நாள் அந்த வீட்டார் வெளியே வரக் கூடாது என்றால் கக்கூஸுக்கு எப்படிப் போவார்கள்? மேலே எழுதிக் கேட்டேன். பதில் வரவில்லை. கடைசியில் நானே நேரம் பிரித்தேன். விடியற்காலை 4 மணியிலிருந்து 5 மணி வரைக்கும் நோய் வீட்டாருக்கு, அதன் பிறகு வெளிச்சுண்ணாம்பும் குளோரின் தண்ணீரும் ஊற்றிக் கழுவிவிட்டு மற்றவர்களுக்கு. கழுவியது யார்? அந்த லயத்துப் பெண்கள். சம்பளமில்லாமல், மலைக்குப் போவதற்கு முன்னால்.

ஒட்டிய நோட்டீஸைக் கண்டதும் ஓடியவர்களும் இருந்தார்கள். வேப்பிலைக்கு இருந்த மரியாதை அந்தக் காகிதத்துக்கு இல்லை. ஒரு வீட்டில் ஒரு கிழவி என்னிடம், "மிஸ், நாங்க என்ன களவா எடுத்தோம், கதவுல ஒட்டிட்டுப் போறீங்க?" என்று கேட்டாள். இரண்டாவது வாரம் நான் கொஞ்சம் வேப்பிலை தேடிக் கொண்டுபோய் அந்த நோட்டீஸுக்குப் பக்கத்தில் செருகினேன். சட்டப்படி சரியா என்று எனக்குக் கவலையில்லை. அன்று சாயங்காலமே பக்கத்து வீட்டுப் பெண் ஒரு சட்டி ரசத்தை வாசலில் வைத்துவிட்டுப் போனாள்.

2020 கடைசியில் தனிமைப்படுத்தப்பட்ட குடும்பத்துக்கு 10,000 ரூபாய் பெறுமதியான உலருணவுப் பொதி என்று வந்தது. எனக்குத் தெரிந்த வீடுகளில் சிலருக்கு 14 நாள் முடிந்த பிறகுதான் கைக்கு வந்தது. அந்த 14 நாளும் அவர்களைத் தாங்கியவர்கள் லயத்தார். 2021இல் ஊசி போடும்போது நாங்கள் புத்திசாலித்தனமாக நடந்தோம் என்று நினைக்கிறேன். ஆட்களை டவுனுக்குக் கூப்பிடாமல் தோட்டத்துப் பாடசாலைக்கே போனோம், கொழுந்து நிறுக்கும் நேரம் பார்த்து.


புறக்கோட்டைப் பையன் | திங்கள் பகல்

மிஸ், நீங்கள் எழுதியதைக் கடையில் நின்றுகொண்டு படித்தேன். நான் அந்த நோட்டீஸுக்கு உள்ளே இருந்தவன்.

2020 ஒக்டோபரில் மினுவாங்கொடையிலும் பேலியகொடை மீன் சந்தையிலும் நோய் கிளம்பியதும் கொழும்புக் கடைகளைப் பூட்டினார்கள். முதலாளி கணக்கை முடித்து அனுப்பிவிட்டார். தங்குவதற்கு இடம் இல்லை, கடைதானே எங்களுக்கு வீடு. தீபாவளி நவம்பர் 14. கொழும்பில் இருக்கும் மலையகப் பிள்ளைகள் ஊருக்கு வரவேண்டாம் என்று எல்லாப் பக்கத்திலும் சொன்னார்கள். சரிதான். ஆனால் எங்கே இருப்பது என்று ஒருவரும் சொல்லவில்லை.

மரக்கறி இறக்கிவிட்டுத் திரும்பின லொறியில் வந்து, விடியக்காலம் மூன்று மைல் நடந்து தோட்டத்து ரோட்டு வளைவுக்கு வந்தேன். ரோட்டுக்குக் குறுக்கே கயிறு. கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் என் கூட்டாளிகள், என்னோடு ஒரே வகுப்பில் படித்தவர்கள். "மச்சான், குறை நினைக்காத, லயத்துல பச்சப்புள்ளைங்க இருக்கு" என்றான் ஒருவன். பீ.எச்.ஐ. வந்து பச்சப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும், அப்போது மூடிக் கிடந்த பிள்ளைக்காம்பராவில் என்னையும் இன்னும் நான்கு பேரையும் வைத்தார்.

14 நாள். அம்மா சோற்றைத் தேயிலைச் செடிக்குப் பக்கத்தில் கல்லின் மேல் வைத்துவிட்டு, தூரப் போய் நின்று நான் எடுக்கிறேனா என்று பார்ப்பார். தீபாவளி அன்று முறுக்கும் வந்தது. கயிறு கட்டின கூட்டாளிதான் கொண்டுவந்தான். அவனிடம் அன்றைக்கு நான் பேசவில்லை. இப்போது பேசுகிறோம்.

ஒன்றே ஒன்று எழுதிக்கொள்ளுங்கள் அண்ணா. வெளியூரில் வேலை செய்கிறவன் திரும்பி வந்தால் தங்குவதற்கு முன்கூட்டியே ஓர் இடம் வேண்டும். தண்ணீரும் கக்கூஸும் உள்ள இடம். சபையின் சனசமூக மண்டபம் ஒன்று பூட்டியே கிடந்தது, பக்கத்திலேயே.


கொழுந்துக்கூடை | திங்கள் இரவு

தம்பி, எங்கள் தோட்டத்தில் அந்தக் கயிற்றைக் கட்டியவர்களில் நானும் ஒருவன். நிவாரணம் கொடுத்ததும் அதே வாலிபர் சங்கம், கயிறு கட்டியதும் அதே சங்கம். நாம் ஒருவருக்கொருவர் உதவினோம் என்று மட்டும் எழுதிவிட்டுப் போனால் அது பாதிதான். ஒரு இரவு காய்ச்சலோடு வந்த ஒருவரை மழையில் ஒரு மணித்தியாலம் நிற்கவைத்தோம், 1990 இலக்கத்துக்கு அழைத்த அம்புலன்ஸ் வரும் வரைக்கும். இஸ்தோப்பில் ஒரு படங்கை விரித்து உட்காரவைத்திருக்கலாம். பயம் எங்களை அப்படி ஆக்கியது. அவர் நலமாக இருக்கிறார். நான் போய்ப் பார்த்து மன்னிப்புக் கேட்டேன், ஆனால் மிகவும் பிந்தி.


டவுன்கடை நானா | செவ்வாய் காலை

அஸ்ஸலாமு அலைக்கும். ஹட்டனில் சில்லறைக்கடை. நான் இரண்டு விஷயம் மட்டும் சொல்கிறேன்.

ஊரடங்கில் எங்களுக்குப் பாஸ் கிடைத்தது. கோதுமை மா, பருப்பு, சீனி, நெத்தலி என்று பொதி கட்டி லொறியில் தோட்டம் தோட்டமாகப் போனோம். காசு இருந்தவர்கள் கொஞ்சம். மற்றதெல்லாம் கடன் கொப்பி. அந்தக் கொப்பியில் எழுதியதில் அநேகமாக எல்லாம் திரும்பி வந்தது, சிலது 2022இல் மா விலை ஏறிக் கிடந்த காலத்திலும் வந்தது. பள்ளிவாசலும் கோயில் கமிட்டியும் சேர்ந்து கொடுத்த பொதிகளும் எங்கள் கடையில்தான் கட்டப்பட்டன. பொதி கட்ட வந்த பிள்ளைகளில் யார் எந்தச் சாதி மதம் என்று அந்த நாட்களில் ஒருவரும் பார்க்கவில்லை.

இரண்டாவது, மரணம். நோயால் இறந்த எங்கள் ஜனாஸாக்களை எரித்தார்கள், 2021 பெப்ரவரிக் கடைசி வரைக்கும். அதன் பிறகு மார்ச்சிலிருந்து ஓட்டமாவடியில் அடக்க விட்டார்கள். மலைநாட்டில் இறந்தவரை மட்டக்களப்பு மாவட்டத்துக்குக் கொண்டுபோய் அடக்கினோம். என் கூட்டாளி ஒருவருடைய வாப்பா அங்கேதான் இருக்கிறார். இதைப் பற்றி எழுதினால் மனசு தாங்காது, அதனால் நிறுத்துகிறேன். ஆனால் சபையிடம் கேட்கும் கடிதத்தில் மையவாடி, மயானம் பற்றி ஒரு வரி இருக்கவேண்டும். யாராக இருந்தாலும் மண்ணோடும் சடங்கோடும் போகவேண்டும்.


ஊவாக்காரி | செவ்வாய் பின்னேரம்

பதுளை மாவட்டம், தோட்டப் பாடசாலை ஆசிரியை. பிள்ளைகளைப் பற்றி இன்னும் ஒருவரும் எழுதவில்லை.

2020 மார்ச் நடுவில் பாடசாலைகளைப் பூட்டினார்கள். ஏப்ரலில், 1883 முதல் நடந்துவந்த கொழும்புத் தேயிலை ஏலத்தை இணையத்துக்கு மாற்றிவிட்டார்கள். சில வாரங்களில் முடிந்துவிட்டது அந்த வேலை. அதே தேயிலையைப் பறிக்கிறவர்களின் பிள்ளைகள் ஒரு கோடு சிக்னலுக்காக மலையுச்சிக்கு ஏறினார்கள், மரத்தில் ஏறினார்கள், அட்டைக்கடியோடு பாறையில் உட்கார்ந்து உயர்தரப் பாடம் கேட்டார்கள். வீட்டில் ஒரு போன், அதுவும் அப்பாவோடு கொழும்பில். நான் போட்ட வகுப்புக்கு 38 பேரில் 6 பேர் வந்தார்கள். இரண்டாம் வாரம் அந்த வகுப்பை நிறுத்தினேன். ஆறு பேரை மட்டும் முன்னுக்குக் கொண்டுபோக எனக்கு மனம் வரவில்லை.

இங்கே எங்கள் சபை ஒரு நல்ல காரியம் செய்தது, அதைச் சொல்லத்தான் வந்தேன். நூலகம் பூட்டியிருந்தது, ஆனால் அங்கே போட்டோக்கொப்பி மெஷின் இருந்தது. நூலகப் பொறுப்பாளரான அக்கா தலைவரிடம் ஒரு வாய்வார்த்தை கேட்டார். "அடிச்சுக் குடுங்க, பேப்பர் சபைக் கணக்கு" என்றார் அவர். நான் கையால் எழுதிய பயிற்சித்தாள்களை வாரம் ஒரு முறை அடித்துத் தந்தார்கள். கொண்டுபோனது கொழுந்து லொறி. காலையில் வெறும் சாக்கோடு மலைக்குப் போகும் லொறியில் தாள்கள் போகும், கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் கங்காணி பெயர் வாசித்துத் தாய்மாரிடம் கொடுப்பார், மறுவாரம் எழுதிய தாள் கொழுந்தோடு திரும்பி வரும். சில தாளில் பச்சைக் கறை இருக்கும், தேயிலை வாசம் அடிக்கும். இன்னும் ஒரு கட்டு வைத்திருக்கிறேன். 2020 ஒக்டோபரில், நோய் திரும்பிக் கிளம்பிய அதே நேரத்தில்தான், ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையும் உயர்தரப் பரீட்சையும் நடந்தன. எங்கள் பிள்ளைகள் போய் எழுதினார்கள்.

அதற்குப் பெரிய திட்டம் ஒன்றும் தேவைப்படவில்லை. தெரிந்த ஒருவர் தெரிந்த ஒருவரிடம் கேட்டார். ஆனால் அந்த அக்காவுக்கு வேறு ஊருக்கு இடமாற்றம் கிடைத்திருந்தால் அதுவும் நடந்திருக்காது.


முன்னாள் உறுப்பினர் | செவ்வாய் இரவு

எல்லாவற்றையும் வாசித்தேன். எனக்குப் படுவது இதுதான். சபையிடம் பொதி கேட்காதீர்கள், பட்டியல் கேளுங்கள். ஒவ்வொரு வட்டாரத்திலும் எந்தக் கதவுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள், யார் தனியாக இருக்கிறார்கள், யாருக்குத் தினமும் மருந்து, யார் படுக்கையில் என்று சபை ஒரு பதிவேடு வைத்திருக்கவேண்டும். வருடத்துக்கு ஒரு முறை திருத்தவேண்டும்.


பீலிக்கரை | செவ்வாய் இரவு

வேண்டாம் ஐயா. கோபிக்காதீர்கள். சபையிடம் பதிவேடு இருந்தால் அடுத்த தேர்தலில் அது யாருக்கு வாக்குப் போட்டவர்கள் என்ற பட்டியலாக மாறிவிடும். கூரைத்தகரம் கொடுத்தபோது எங்கள் லயத்தில் அப்படித்தான் நடந்தது. ஒரு தொழிற்சங்கத்துக்காரருக்குக் கிடைத்தது, மற்றத் தொழிற்சங்கத்துக்காரர் வீடு ஒழுகியது.


ஆபிஸ் கிளாக் | செவ்வாய் இரவு

தங்கச்சி சொல்வது சரி. ஆனால் பட்டியல் ஒருவரிடமும் இல்லாவிட்டால் மறுபடி என்னை மாதிரி ஒரு கிளாக்கின் செக்ரோல்தான் போகும்.


கொழுந்துக்கூடை | புதன் காலை

நேற்று இரவு இதை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். அம்மா எழும்பிப் போய் சாமிப்படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு கொப்பியை எடுத்துவந்தார். மரண உதவிச் சங்கத்துக் கொப்பி. 11 வருடமாக அம்மாதான் பொருளாளர்.

அநேகமாக எல்லாத் தோட்டத்திலும் இந்தச் சங்கம் இருக்கும். மாதம் ஒரு தொகை. ஒரு சாவு விழுந்தால் பெட்டி, படங்கு, கதிரை, தேயிலை, விறகு எல்லாம் சங்கம். அதனால் கொப்பியில் பெயர் விடுபட்டால் பெரிய பாவம். அம்மா எப்படி எழுதியிருக்கிறார் என்று பார்த்தேன். வேலைக்காரர் என்று எழுதவில்லை, அடுப்புக் கணக்கில் எழுதியிருக்கிறார். மேட்டு லயம், தொங்கல் காம்பரா, அடுப்பு இரண்டு. ஒவ்வோர் அடுப்புக்கும் நேரே ஆட்கள். பேர் நின்ற பாட்டி இருக்கிறார். புருஷனில்லாமல் வந்த அக்கா இருக்கிறார். கொழும்பில் இருக்கிற பையன் இருக்கிறான், பக்கத்தில் "கடை" என்று எழுதி. ஊரடங்கில் எங்கள் வாலிபர் சங்கம் பொதி கொடுத்தது இந்தக் கொப்பியைப் பார்த்துத்தான் என்று அம்மா சொன்னார். நான் அந்தப் பொதியைத் தூக்கிக்கொண்டு போனவன், எனக்கே தெரியாது.

பணத்துக்கு எழுதிய கொப்பி என்றாலும், சாவில் ஒருவரும் அநாதையாகப் போகக் கூடாது என்று எழுதியது. எல்லாத் தொழிற்சங்கத்துக்காரரும் இதில் உறுப்பினர். அதனால் கொப்பி சங்கத்திடமே இருக்கட்டும். சபை அதற்கு இரண்டு காரியம் செய்யட்டும். லயத்துக் கதவுகளுக்கு இலக்கம் போட்டு அதைத் தபாலகத்துக்கும் பிரதேச செயலகத்துக்கும் அறிவிக்கட்டும். அவசரம் வந்தால் இந்தக் கொப்பியின் பிரதியை ஏற்றுக்கொள்வோம் என்று சபையில் ஒரு தீர்மானம் நிறைவேற்றட்டும். அதோடு சனசமூக மண்டபத்தின் சாவி ஒன்று தோட்டத்தில் இருக்கவேண்டும். தண்ணீர், மயானம் இரண்டையும் கடிதத்தில் தனித்தனியாக எழுதுகிறேன்.


பீலிக்கரை | புதன் பகல்

சங்கம் என்றால் சம்மதம். பிரதி கொடுக்கும்போது நோய் விபரம் போகக் கூடாது, அடுப்பும் ஆளும் மட்டும்.


பழைய மிஸ் | புதன் பகல்

நோய் விபரம் மருத்துவிச்சியின் கொப்பியில் இருக்கட்டும். அதற்குத்தானே நாங்கள் இருக்கிறோம். பொருளாளர் அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.


முன்னாள் உறுப்பினர் | புதன் இரவு

தீர்மானத்தின் வாசகத்தை நான் எழுதித் தருகிறேன். 2018 திருத்தத்தைக் குறிப்பிட்டு எழுதினால் எழுதுவினைஞர் பயப்படமாட்டார். இலக்கம் போட்டுத்தரும்வரை காத்திருக்காமல் நீங்களே போடத் தொடங்குங்கள். இருக்கிற இலக்கத்தை அங்கீகரியுங்கள் என்று கேட்பது, புதிதாகப் போடுங்கள் என்று கேட்பதைவிட லேசு.


கொழுந்துக்கூடை | அடுத்த ஞாயிறு பின்னேரம்

இன்று தொடங்கிவிட்டோம். துரை ஆட்சேபிக்கவில்லை, ஆபிஸில் எழுதிக் கொடுத்துவிட்டோம். பணிய லயத்தில் 1இலிருந்து 12 வரைக்கும் முடிந்தது. கொழும்பிலிருந்து வந்திருந்த இரண்டு பையன்மார்தான் பெயின்ட் அடித்தார்கள். ஒரு சந்தேகம். 7ஆம் காம்பராவில் அண்ணன் தம்பி இரண்டு குடும்பம், நடுவில் பலகைத் தட்டி, கதவு ஒன்றுதான். என்ன இலக்கம் போடுவது?


ஆபிஸ் கிளாக் | ஞாயிறு இரவு

7, 7அ. கதவில் இரண்டையும் எழுதுங்கள். தபாலில் நான் பட்ட பாடு போதும்.


கொழுந்துக்கூடை | ஞாயிறு இரவு

சரி. அப்படியென்றால் மேட்டு லயத்தில் இன்னும் ஒன்பது வீடு கூடும். பெயின்ட் காணாது. நானா, உங்கள் கடையில் வெள்ளை இருக்கிறதா?


டவுன்கடை நானா | திங்கள் காலை

இரண்டு டின் இருக்கிறது. கொழுந்து லொறி டவுனுக்கு வரும்போது சொல்லுங்கள், ஏற்றிவிடுகிறேன்.